பாதயாத்திரைக்குப் பதிலாக மொட்டை

புனே, 8.11.2004

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, சூரியபிரகாஷ் வணங்கி எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

என் தீராத அசதிக்கு ஓய்வெடுக்கச் சொன்னார் நம்மூர்க் காளவாசல் டாக்டர். இங்குள்ள டாக்டரோ, நடக்கப் பயப்படுவதுதான் நோய், தினமும் தூரத்தைக் கூட்டிக்கூட்டி நட என்றார். நடந்தேன். ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன் எழவில்லை. உடன் தங்கியிருக்கும் கருத்தக்கண்ணன் அண்ணன்தான், "என்னடா, இம்புட்டு லேசா இருக்க?" என்று சிரித்தபடி மாடிக்குத் தூக்கிப்போனார்.

எனக்கு நடக்கப் பயமில்லை அப்பா. நடந்த மறுநாளை நினைத்தால்தான் பயம்.

குணமானதும் நான் பழனிக்கு நடந்து வருவதாக அம்மா வேண்டியிருக்கிறாள். அதை மொட்டையாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு உட்கார்ந்திருந்தால் போதும்.

இதை எழுத நான்கு நாளானது. உறையில் முகவரி அண்ணன் கையெழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சூரியபிரகாஷ்