மூன்றாவது பாட்டு

எங்கள் மகளின் ஞானத்தகப்பனுக்கு,

நீங்கள் அனுப்பிய கச்சேரி வீடியோ வந்து சேர்ந்தது. முப்பது வருடம் கழித்து, பழைய குழு மொத்தமும் சான் பிரான்சிஸ்கோ மேடையில்! உங்கள் தொப்பைக்கு அந்தச் சிவப்புச் சட்டை ஆகாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது பாட்டில் என் வீட்டுக்காரர் ரொஹேலியோவின் கொங்கா மேளம் தடம் மாறியதை இப்போதுதான் கவனித்தேன். நீங்கள் தலையாட்டியதும் மொத்தக் குழுவும் அவருடைய தப்புக்கே தாளத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அன்று காரில் வரும்போது, "எல்லாப் பயலும் தப்புனானுங்க, நான்தான் தூக்கி நிறுத்துனேன்" என்று ஒரே பெருமை.

அது போன வருடம். இப்போது அவருக்கு டோர்ட்டியா ரொட்டியைக்கூட நான்தான் பிய்த்து ஊட்டுகிறேன்.

நேற்று வீடியோவைப் போட்டதும் அவர் விரல்கள் மேசையில் தட்ட ஆரம்பித்தன. ஓர் அடி பிசகவில்லை. மூன்றாவது பாட்டில் விரல்கள் நின்றன. திரையில் கொங்கா வாசிக்கும் தன்னையே கைகாட்டி, "யாரு இந்தக் கிழவன்? எல்லாரையும் கெடுக்கிறான். இனிமே அவனக் கூப்பிடவேணாம்னு சொல்லு" என்றார்.

அடுத்த கச்சேரிக்கு அவர் வருவாரா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞானமகளைப் பெற்றவள்