நான்காம் மாடிக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 11, செவ்வாய், இரவு 7.40. படிகள் அறுபத்தெட்டு.

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுக்கப்போகிற ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், குட்டி பக்கத்தில் இருப்பாள். அதனால்தான் மெயில்.

நாம் குடியேற கம்பெனி ஒதுக்கிய வீட்டின் சாவி இன்றுதான் கைக்கு வந்தது. நான்காவது மாடி. குட்டியின் சக்கர நாற்காலியைப் பற்றி விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். லிஃப்ட் உண்டு என்றார்கள். உண்டுதான். ஒவ்வொரு மாடியிலும் பளபளவென்று கதவு. இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியும் இல்லை, கம்பியும் இல்லை. வெறும் குழி, அடியில் சிமெண்டு மூட்டைகள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் செய்து விற்கிற கம்பெனி!

வீடு ஒதுக்கும் அதிகாரியைப் பிடித்தேன். "சார், ஃபார்ம்ல லிஃப்ட் இருக்கான்னுதான் கேட்டிருக்கு, ஓடுதான்னு கேக்கலையே" என்றார். பிறகு, "சின்னப் பொண்ணுதானே, தூக்கிட்டுப் போயிடலாம்" என்று சிரித்தார். தினமும் நீங்கள் வந்து தூக்குகிறீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது, ஒரு தாள் நீண்டது. 'வீட்டைப் பார்த்தேன், திருப்தி.' கீழே என் கையெழுத்து.

ஆமாம், நான்தான் போட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே, பத்துத் தாள்களோடு ஒன்றாக. உங்களைச் சீக்கிரம் அழைத்துவரும் அவசரம். பிரேக்கை மூன்று முறை சோதிக்காமல் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடாதவன், சொந்தப் பிள்ளையின் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். இந்த அசிங்கத்தில் பாதி என் பங்கு.

இன்னொன்று. அலுவலக வாசல் பலகையில் 'புதிய குடும்பத்தை வரவேற்கிறோம்' என்று நம் படம். நாற்காலி தெரியாதபடி குட்டியைக் கழுத்தோடு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

நாலாம் நம்பர் பட்டனைத் தான்தான் அமுக்குவேன் என்று நேற்று சொன்னாளே, அவளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. என்னைத் திட்டுவதானால் நீ மட்டும் திட்டு.

இனி நான் செய்யப்போவது:

1. அந்தப் படத்தைக் கழற்றுவேன். கேட்டுவிட்டு அல்ல.
2. 'திருப்தி'யை ரத்து செய்து எழுதி மேலாளர் கையில் கொடுப்பேன். அவரையும் அறுபத்தெட்டுப் படி ஏற்றுவேன்.
3. வெள்ளிக்குள் தரைத்தள வீடு கிடைக்காவிட்டால் ராஜினாமா செய்யப்போவது நான், நீ அல்ல.
4. கிடைத்தால், ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து, நானே உட்கார்ந்து, தெருவிலிருந்து குளியலறை வரை உருட்டிப் பார்ப்பேன். மூன்று முறை. அப்புறம்தான் கையெழுத்து.