மனு எழுதியது நான்தான்

மண்ணூர்பேட்டை
4-7-1971

என் பிரியமுள்ள மாமாவுக்கு நாகவல்லி எழுதுவது.

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன மாதம் மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது உங்கள் கன்னம் வீங்கியிருந்தது. குழாயடியில் வழுக்கியது என்றீர்கள். வழுக்கி விழுந்தவருக்குக் கழுத்தில் விரல் தடம் எப்படி வரும்?

உங்களைக் கேட்காமல் ஜெயிலர் ஐயாவுக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். ‘என் கணவர் எத்திராஜ், ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். செப்புக் கம்பி திருடியவர்களைப் பிடித்துப் போலீசில் கொடுத்தவர். ஏதோ சண்டையில் ஒருவனை அடித்ததற்குத்தான் உள்ளே இருக்கிறார், காப்பாற்றுங்கள்’ என்று. இனி உங்களைப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

தங்கள்
நாகவல்லி


19-7-1971

அன்பு வல்லி,

இதைத் தபாலில் போடவில்லை. விடுதலையாகி வரும் பரந்தாமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இங்கே எல்லாரும் அடிபடுவதில்லை. பார்க்க ஆள் வராதவன் அடிபடுவான். புதிதாக வந்து பயப்படுகிறவன் அடிபடுவான். போன மாதம் நான் பட்டது அதுதான். போலீஸ் ஆள் என்று பெயர் எடுத்தவன் பாடு இன்னும் மோசம். அதனால்தான் கொத்தனார் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆபீசில் மனுக்களைப் பிரிக்கும் ரைட்டரும் ஒரு கைதிதான். உன் மனு வந்த அன்று மாலைக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் பிடித்துக்கொடுத்த துலுக்கானமும் இதே பிளாக்தான். மீசை எடுத்த என் முகத்தை இதுவரை சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தனி அறை கேட்டால் ஆள்காட்டி என்பார்கள். இனி யாருக்கும் எழுதாதே. உன்மேல் கோபமில்லை.

எத்திராஜ்


மண்ணூர்பேட்டை
2-8-1971

மாமா,

இதை ரைட்டர் படித்தாலும் படிக்கட்டும். துலுக்கானத்தின் மனைவி சொர்ணத்தைத் தேடித் திருமழிசைக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“உன் ஊட்டுக்காரரு அவரப் புட்ச்சிக் குட்த்தப்போ எங் கொயந்தைக்கு எட்டு நாளு. அது இன்னும் அப்பன் மூஞ்சியப் பாக்கல” என்றாள்.

ஒரு வருடமாக அவளை ஜெயிலுக்கு அழைத்துப்போக ஆளில்லை, மனு எழுதவும் தெரியாது. நான் எழுதித் தருகிறேன், கூடவே வருகிறேன் என்றேன். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு, “வரேன். ஆனா உம் புருசனுக்கோசரம் ஒண்ணும் கேக்கமாட்டேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறோம். அதுவரை எங்கேயும் தனியாக நிற்காதீர்கள்.

நாகவல்லி


14-8-1971

அன்பு வல்லி,

குழந்தை கம்பிக்குள் கையை நீட்டியதை நானும் பார்த்தேன். அன்று துலுக்கானம் சாப்பிடவில்லை. நான்கு நாள் என் பக்கம் யாரும் வரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

நேற்று சோற்று வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான். “அடுத்த மாசமும் உன் ஊட்டுக்காரம்மா சொர்ணத்த இட்டுக்கினு வருவாங்களா?” என்று கேட்டான். வருவாள் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள், வல்லி. ஒரு மாதம்கூடத் தவறவிடாதே.

எத்திராஜ்