கபரஸ்தான் கேட்டில் கத்தினேன்

மார்ச் 9, ஞாயிறு

நான் வேலை செய்யும் வீட்டுப் பாயின் அக்கா கனடாவில் குடியேறியவர். நாவல் எழுதுகிறார், பெண்களுக்காக மேடையேறிப் பேசுகிறார். அவர் கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் இறந்துபோன அவர் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். புதைத்த கபரையாவது பார்க்க என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். கேட்டிலேயே பாய் மறித்தார்.

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுக்கா. உன் மேடைப் பேச்செல்லாம் இங்க வாணாம்."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மொகத்தக்கூட காட்டலியே பாய்! மண்ணயாவது பாக்கட்டும், உடுங்க!"

கத்தியது நான்தான். கடையில் உப்பு கேட்கவே கூசுகிறவள்.

பாய் அக்காவுக்கு வழிவிட்டார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ வராத."

என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. விடிந்தால் வேலைக்கு எழுப்புவாள்.