துவரம்பூ மஞ்சளும் பொங்கல் வெள்ளையும்

கோவில்பட்டி
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை

என் தங்க மகன் கோகுலகிருஷ்ணனுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்க அய்யாவும் ஆடுகளும் குட்டிகளும் நல்லபடியாக இருக்கிறோம், நீ அங்கே சவுதியில், தம்மாமில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அம்மன் துணை இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதுக்கு என்று நினைப்பாய். பேசும்போது உங்க அய்யா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் ரெண்டு திருத்துகிறார். எதிர்வீட்டு மாரித்தாயின் மருமகன் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறான், சேவுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அய்யாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பரவாயில்லை, எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான்.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. உளுந்து பூவெடுத்துவிட்டது, மக்காச்சோளத்தில்தான் பன்றி இறங்கி ஒரு மூலையைத் துவைத்துப் போட்டுவிட்டது. கயத்தாற்றில் உன் தங்கச்சி இசக்கிசெல்வி சுகம், அவள் பிள்ளை எழுந்து நிற்கிறான், நின்றதும் தானே கைதட்டிக்கொள்கிறானாம். வீடும் சுகம்தான். வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ போனிலேயே கலர் அட்டை பார்த்துத் தேர்ந்தெடுத்த மஞ்சள், நேரில் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. போட்டோவில் எலுமிச்சம்பழம் மாதிரி தெரிகிறது, அது பொய். காலை வெயில் படும்போது துவரம்பூ மாதிரி இருக்கும். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, லீவு இதோ அதோ என்று தள்ளிப்போகிறது, நீ கண்ணால் பார்ப்பதற்குள் இந்தச் சாயம் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை எல்லாம்.

அதுக்காக நான் படுகிற பாடு கொஞ்சமில்லை. பெயிண்டர் காளீஸ்வரன் வருஷத்துக்கு ஒரு தடவை சுவரைக் கழுவிவிடுங்க, தூசி ஏறினால் பெயிண்ட் சீக்கிரம் மங்கிப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனான். உடனே உங்க அய்யா மோட்டாரைப் போட்டு போர்த் தண்ணியைச் சுவரில் பீய்ச்சினார் பார், பெரிய தீயணைப்புக்காரர் மாதிரி. நம் ஊர் போர்த் தண்ணி தெரியாதா, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காய்ந்ததும் சுவர் முழுக்க உப்புப் பூத்துவிட்டது. பிறகு மாடியில் விழுந்த மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்து, பழைய வேட்டித் துணியால் நானே துடைத்தேன். மாடித் தண்ணி சுவரில் வழியாமல் தள்ளி விழுகிற மாதிரி குழாயை நீட்டச் சொன்னேன். கரிசல் மண்ணுக்கு ஒரு மழை பட்டால் போதுமே, தெறித்து இடுப்பளவுக்கு ஏறிவிடும், அதனால் சுவரை ஒட்டிச் சுற்றிலும் சரளை கொட்டியிருக்கிறோம். கோடையில் மண் வெடித்துத் தரை அசைந்ததில் மேற்கு மூலையில் சுவர் விரிசல் விட்டது, அதை மழைக்கு முன்னாலேயே பட்டி வைத்து அடைத்தாயிற்று, இல்லையென்றால் அந்த வழியாகத் தண்ணி உள்ளே போய்ப் பெயிண்ட் கொப்பளித்துவிடும். கிடாய்கள் வேறு, முதுகு அரித்தால் அதுகளுக்கு நம் வீட்டுச் சுவர்தான் வேண்டும், எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கோடே விழுந்துவிட்டது, தொழுவத்தைப் பின்பக்கம் மாற்றியாயிற்று. மாரித்தாய் வெயில் நல்லா விழுதுன்னு நம் பக்கச் சுவரில் சாணி தட்டி வைத்தாள். நான் போட்ட சத்தத்தில் அவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் சின்னது. பெரியது போன பொங்கலுக்கு நடந்தது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உங்க அய்யா வாயைக் கட்டிவிட்டார். ஏழு வருஷத்துக்குத் தாங்கும் பெயிண்ட், மேலே சுண்ணாம்பு அடித்தால் அதன் காரம் கலரைத் தின்றுவிடும், பொங்கலுக்கு வெள்ளை அடிக்காதீங்க என்று நீ சொன்னாய். சரி என்று விட்டுவிட்டோம். தெருவில் மற்ற வீடெல்லாம் வெள்ளை அடித்துக் காவிப்பட்டை போட்டுப் பளிச்சென்று நின்றது. நம் பக்கம் துக்கம் விழுந்த வருஷத்தில்தான் பொங்கலுக்கு வெள்ளை அடிக்காமல் விடுவார்கள், அது உனக்கே தெரியும், ஆனால் பெயிண்ட் அடித்த வீட்டுக்கு அந்தக் கணக்கு வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

போகி அன்றைக்குக் காலையில் குளத்தூரிலிருந்து மகாராஜா அண்ணன், அதான் உன் பெரிய மாமா, எனக்குப் பிறந்தவீட்டுச் சீராகப் பொங்கல்படி எடுத்து வந்தார். கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து, அரிசி, வெல்லம் எல்லாம் சுமந்து தெருமுனை வரைக்கும் வந்தவர் நம் வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். துக்க வீட்டுக்குப் படி கொண்டு போகலாமா. அத்தனையையும் டீக்கடையில் சாத்தி வைத்துவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு தலையைக் குனிந்து வந்தார். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். பொங்கல்படி இல்லாமல், முகம் தொங்கி, என் அண்ணன் வருகிறதைப் பார்த்ததும் அவர் வீட்டில்தான் என்னமோ ஆகிவிட்டது, சொல்ல வருகிறார் என்று நினைத்துவிட்டேன். வாங்கண்ணே என்ற சொல்லே வாயில் வரவில்லை. துக்க வீட்டில் வந்தவரை வாங்க என்று கேட்க மாட்டார்களே, நான் கேட்காததும் அவருக்கு உறுதியாகிவிட்டது. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம், அவர் சொல்லட்டும் என்று நான், நான் அழட்டும் என்று அவர். கடைசியில் அவர்தான் மெதுவாக, பிள்ளைக்கு என்ன தாயி ஆச்சு, தம்மாம்ல இருந்து எப்பம் சேதி வந்துச்சு, எனக்கு ஒரு போன் போடக் கூடாதா என்று கேட்டார்.

ராசா, அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். உனக்கு ஏதோ ஆகி, ஊருக்கெல்லாம் தெரிந்து, எனக்கு மட்டும் மறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாணிச் செம்பை அங்கேயே போட்டுவிட்டுப் போனை எடுக்க உள்ளே ஓடினேன். வேலை நேரத்தில் கூப்பிடாதே என்று நீ சொல்லியிருந்தும் அன்றைக்கு விடாமல் அடித்தேன், நீ எடுத்து என்னம்மா இந்த நேரத்தில் என்று எரிந்து விழுந்தாய், நான் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். ஏன் கூப்பிட்டே என்று பிறகு எத்தனை தடவை கேட்டாய். இதுக்குத்தான். உன் குரல் எரிந்து விழுந்ததே எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

வெள்ளை அடிக்காததுதான் விஷயம் என்று தெரிந்து மாமா சிரித்த சிரிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டது, கரும்புக்கட்டு வீடு வந்து சேர்ந்தது. உங்க அய்யாதான் சிரிக்கவில்லை. பெத்த பிள்ளை கண்காணாத தேசத்துல இருக்கான், வீட்டைப் பார்த்து ஒருத்தன் துக்கம் கேட்டு வந்துட்டான், இனிமே பெயிண்ட் இருந்தா என்ன போனா என்ன என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து கரைத்துத் தெருப்பக்கச் சுவரில் அடித்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுத்ததில் வாசல் பக்கம் மட்டும் தப்பியது. அந்தச் சுண்ணாம்பு பிடிக்கவே இல்லை, ஆடிக்காற்றில் பாளம் பாளமாக உதிர்ந்தது, கீழே இருந்த மஞ்சளும் வெளிறித் தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்தும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை. இப்போதே இந்தப் பொங்கலுக்கும் ஒரு மூட்டை சுண்ணாம்புக் கல் வாங்கிப் போட்டுவிட்டார், இந்தத் தடவை வாசல் பக்கத்தையும் விடப் போவதில்லையாம். வீம்பு என்று அவரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கும் அதே பயம்தான், அவர் அதைச் சுண்ணாம்பு அடித்துத் தீர்க்கப் பார்க்கிறார், நான் சுவரைத் துடைத்துத் தீர்க்கப் பார்க்கிறேன்.

நீ யோசனை சொல்ல வேண்டாம். காவிப்பட்டை மட்டும் போடு, காம்பவுண்டுக்கு மட்டும் வெள்ளை அடி என்று இசக்கிசெல்வி ஏற்கெனவே சொல்லியாயிற்று, உங்க அய்யா கேட்பதாக இல்லை. நீ லீவு மட்டும் கேள். முடிந்தால் பொங்கலுக்கு, முடியாவிட்டால் மாசிக்குள்ளாவது. எனக்கு அங்கேயிருந்து சென்ட்டும் போர்வையும் வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, சேவுப் பொட்டலத்தைக் கூட இருக்கிற பையன்களுக்கும் பிரித்துக் கொடு, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. மகராசனாக, நூறு வயசு நன்றாக இரு.

சுண்ணாம்பு மூட்டையை ஆட்டுத் தொழுவத்துக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன். நீ வருகிற தேதி தெரிந்த அன்றைக்கே அதைத் தூக்கி மாரித்தாய்க்குக் கொடுத்துவிடுவேன். நீ வந்து வாசலில் நின்றால் போதும், இந்த வீட்டில் எல்லாரும் சுகம் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும், சுவர் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
க. முத்துத்தாய்