மூன்றாவது கட்டிலுக்குப் பிளக்

தாது வருஷம், ஆவணி, வெள்ளிக்கிழமை.

பேரப்பிள்ளைகள் அறைக்குக் கரண்டு இழுக்கச் சீனத்து வயர்மேன் வந்தான். விளக்குப் பிளக் வைக்க, எத்தனை கட்டில் என்று மலாயில் கேட்டான். பிள்ளைகள் தலை வைக்கும் தெற்குச் சுவரைக் காட்டி, "தீகா" என்றேன். மூன்று இடத்தில் குறி போட்டான்.

மருமகள் ஓடி வந்தாள். "ரெண்டுதானே அத்தை! மூணாவது யாருக்கு?"

"வள்ளிக்கு. இருட்டுன்னா அழுவாளே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் சின்னப் பேத்தி வள்ளி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். என்னைக் கேட்காமல் அவள் கட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்தவள் அவளைப் பெற்ற இந்த மருமகள். அதை நான் மறப்பேனா?

இன்றைக்குக் கேட்டுவிடுவதென்று அந்தியில் அவளைத் தேடி அந்த அறைக்குப் போனேன். மூன்றாவது குறிக்குக் கீழே வெறும் தரையில் மருமகள் சுருண்டு படுத்திருந்தாள். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.