நீ வாசித்தாய், நான் திருப்பிச் சொன்னேன்

இன்று காலை ஏலப்பாறை பஜாரில் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை நகல் எடுக்கப் போனேன். மிஷினிலிருந்து வந்த தாளைக் கடைக்காரப் பெண் என் கையில் கொடுத்தாள். சுடச்சுட இருந்தது. விரல் விறைத்துப் போகிற மழைக் குளிர். என்னை அறியாமலே அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அது உன் பழக்கம் என்று அவளுக்கு எங்கே தெரியும்? உன் கடையில் நகலைக் கொடுக்கும் முன் நீ ஒரு தரம் கன்னத்தில் ஒத்தி எடுப்பாய். "சூட்டுக்கு நான் காசு வாங்குறதில்ல" என்பாய். சூடும் மையும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழையும் வந்துவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் ஆட்கள் யாரும் உன் கடையை நகல் கடையாக நினைத்ததில்லை. எஸ்டேட்டில் நமக்கு வருகிற தாள் எல்லாம் ஒன்று மலையாளம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். பஞ்சாயத்து நோட்டீசோ, பி.எஃப். தாளோ, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ, எது வந்தாலும் லயத்து வீடுகளிலிருந்து இறங்கி நேரே உன்னிடம்தான் வருவார்கள். நீ வாசித்து வரி வரியாகத் தமிழில் சொல்வாய். அதோடு விடமாட்டாய். "இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பாய். சொல்லத் தெரியாமல் முழித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாய். திருப்பிச் சொன்ன பிறகுதான் பேனா வெளியே வரும். கையெழுத்துப் போட வந்தவனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி வைக்கிறான் என்று எங்கள் அப்பா ஒரு நாள் வீட்டில் வந்து கத்தினார். அடுத்த தாள் வந்ததும் அவரும் உன்னிடம்தான் வந்தார். எஸ்டேட்டில் உனக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தப் பழக்கத்தால் வந்தது.

கடலோர நகரத்து ஃபுட்பால் கிளப் ஒன்றிலிருந்து எனக்கு ஒப்பந்தம் வந்தபோது, தேயிலைக் காட்டிலிருந்து சம்பளத்துக்குப் பந்து ஆடப் போகிற முதல் ஆள் என்று நம் சர்ச் சபையே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தத் தாளை ஆல்டர் மேசையில் வைத்து, சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணினார். அப்பா தேம்பி அழுதார். ஜெபம் முடிந்ததும் ஆளாளுக்குப் பேனாவை நீட்டினார்கள். ஆல்டரில் வைத்து எடுத்த தாளில் இனி பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எண்ணம். கல்யாணப் பத்திரிகையையும் கடன் பத்திரத்தையும் அப்படித்தானே நாம் செய்து வந்திருக்கிறோம்? நீ மட்டும் தாளை எடுத்து மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் போடட்டும் ஐயரே. நான் இன்னும் வாசிக்கல" என்றாய். ஐயருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் உன் கடையில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. காலை ஆட்டிக்கொண்டு, போனில் கிளப் ஜெர்சியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டாய். சம்பளம், தங்குமிடம், பயிற்சி, காயம் பட்டால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வரியில் நின்றாய். கிளப்பின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் வேறு எந்த ஆட்டத்திலும் ஆடக் கூடாது, அப்படி ஆடி அடிபட்டால் வைத்தியத்துக்குக் கிளப் பொறுப்பில்லை, ஒப்பந்தத்தையும் முறித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"திருப்பிச் சொல்லு."

"வெளி ஆட்டம் ஆடக் கூடாது. ஆடுனா நம்ம பாடு."

"ஊர் செவன்ஸ் மேட்ச்?"

"கூடாது."

"அசன ஆட்டம்?"

நான் சிரித்துவிட்டேன். சபை அசனத்தன்று எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் எஸ்டேட்டின் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் ஆடுகிற ஆட்டத்தைப் போய் யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? ஜெபம், சோறு, பந்து, மூன்றும் சேர்ந்ததுதான் நமக்கு அசனம். ஜெயித்தவர்களுக்கு ஒரு வாழைக்குலை. நம் எஸ்டேட்டில் பிறந்த எவனுக்கும் அதைக் கிளப்புக்காரன் தாளோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. உனக்குத் தோன்றியது. நான் சிரித்து முடிக்கிற வரைக்கும் பேனாவை மூடியே வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.

"அதுவுந்தாம்ல. அதுவும் கூடாது" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அதற்கப்புறம்தான் கையெழுத்து.

முதல் சீசன் முடிந்து லீவில் வந்தபோது அசனம். நம் கீழ் டிவிஷன் தோற்றுக்கொண்டிருந்தது. சபைக் கமிட்டிக்காரர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெரிய ஆட்டக்காரன் ஆனதும் நம்மோடு ஆடக் கசக்கிறதா என்று மேல் டிவிஷன்காரன் ஒருவன் கேலி பண்ணினான். அப்பா கோட்டோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கடைசிப் பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன், வாளியோடு ஓடி வந்தாய். "வேண்டாம்ல. நீ சொன்னத நெனச்சுப் பாரு" என்றாய். கொஞ்ச நேரந்தான், யார் போய்க் கிளப்பில் சொல்லப்போகிறார்கள் என்று பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினேன். ஒரு கோல் போட்டேன். அடுத்த ஓட்டத்தில், மழை பெய்து சறுக்கிக் கிடந்த இடத்தில், என் முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் திரும்பினோம். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்க விடாதது. கிளப் மானேஜர் விசாரிக்க மலையேறி வந்தார். சபை ஹாலில் எல்லாரும் கூடினோம். தெரிந்தே ஆடியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, விவரம் புரியாமல் ஆடியிருந்தால் ஆபரேஷனுக்காவது மேலே பேசிப் பார்க்கலாம் என்று அவர் மலையாளத்தில் சொன்னார். என்னைப் பார்த்து, அந்த வரி உனக்குத் தெரியுமா என்று நேராகக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். நான் காலில் கட்டியிருந்த பாண்டேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எழுந்து உன்னைப் பார்த்துக் கத்தினார். "எம்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது. வாசிச்சது நீ. நீ என்னத்தடே சொல்லிக் குடுத்த?"

நீ என்னைப் பார்த்தாய். திருப்பிச் சொல்ல வேண்டியவனைப் பார்ப்பாயே, அதே பார்வை. நான் தலையைத் தூக்கவில்லை. நீ எழுந்து முதலில் மானேஜரிடம் மலையாளத்தில் சொன்னாய். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னாய்.

"தப்பு எம்மேலதான். அந்த வரிய நான் அவனுக்குச் சொல்லல. கூட்டாளிதானன்னு திருப்பிக் கேக்காமலும் விட்டுட்டேன்."

கையெழுத்துப் போட்டது இந்தப் பையன்தானே என்று மானேஜர் முணுமுணுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கிளப் ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தத்தை முறித்தது. கால் நடக்கிற அளவுக்குத் தேறியது, ஓடுகிற அளவுக்கு இல்லை. இன்று ஜீப் டிரைவராகக் கிளட்சை மிதிக்கிறேன் என்றால் அது உன் பொய்யின் தயவு.

உன் கடைக்குத் தாள் வருவது நின்றது. யாரும் உன்னிடம் சண்டைக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. ஒரு நாள் நான் உன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் கோர்ட்டுக் கடுதாசியோடு வாசல்வரை வந்தார். உன்னைப் பார்த்தார், தாளை இடுப்பில் சொருகிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். நீ லாமினேஷன் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "குளிருதுல்ல, கதவச் சாத்துவமா?" என்றாய். பிறகு உனக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் நகலும் மட்டும்தான் மிஞ்சின. எட்டாம் வகுப்பிலிருந்து ஊருக்கே கடுதாசி வாசித்தவன் நீ.

ஒரே ஒரு தரம் உன்னிடம் கேட்டேன். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு நீயும் நானும் போடிமெட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா என்றேன். "இப்பச் சொன்னா அந்த மானேஜருக்கு நாம என்ன பதில் சொல்றது? விடு" என்றாய். நீ விடு என்றதும் விட்டுவிட்டேன். அடுத்த வளைவில் பாட்டுப் போட்டேன். அவ்வளவு லேசாக விட்டிருக்கக் கூடாது. நீ வாயால் விடு என்று சொன்னபோது உன் முகம் என்ன சொன்னது என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பழியை எத்தனை பேருக்குப் பங்கு வைத்திருக்கிறேன் தெரியுமா? வாசிக்காமல் ஜெபம் பண்ணின ஐயருக்குக் கொஞ்சம், கையைப் பிடித்து இழுத்த கமிட்டிக்குக் கொஞ்சம், கோட்டோரம் நின்ற அப்பாவுக்குக் கொஞ்சம். நம் பாஷையில் தாள் அனுப்பாத கிளப்புக்கும் ஒரு பங்கு. எல்லாம் நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் வாசிக்கத் தெரியாதவன் என்ற சாக்கு எனக்கு மட்டும் கிடையாது. எனக்குப் புரிந்திருந்தது. புரிய வைக்க வேண்டியவன் நீ, உன் வேலையைச் செய்து முடித்துவிட்டாய். மிச்சம் என் வேலை.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, உன் பெண்டாட்டி என்னிடம் வந்து நின்றாள். "அண்ணே, அவரு கவனிக்காம உங்க வாழ்க்கையக் கெடுத்துட்டாரு. மனசுல வச்சுக்கிடாதீங்க. மன்னிச்சிருங்க" என்றாள். அவளிடமும் நீ உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு தங்கச்சி" என்றேன். உன் மண் காயவில்லை, நான் உன்னை மன்னித்துக்கொண்டிருந்தேன்.

அது என்னைத் தின்றது. இந்த வருஷம் ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். உன் கடையில் நடந்தது, நான் திருப்பிச் சொன்னது, நீ வாளியோடு ஓடி வந்தது, ஹாலில் நான் தலையைக் குனிந்தது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள், அப்பா எழுந்து வந்து அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன்.

கமிட்டி மூப்பர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "செத்துப்போன கூட்டாளியோட பழியத் தன் தலைல போட்டுக்கிடுதான் பாருங்க. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இல்லை, இல்லை, நான் சொல்வது சத்தியம் என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு என் மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது. ஐயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நீ அன்று சொன்ன பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்கள் இவர்கள். இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். உன் பெயர் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

வெளியே வந்தபோது உன் பெண்டாட்டி கோயில் கேட் பக்கத்தில் காத்திருந்தாள்.

"நெசமாண்ணே?"

"நெசம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டப்ப, நீங்க ஏன் வாங்கிக்கிட்டீங்க?" என்றாள்.

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை.

இந்த எஸ்டேட்டில் உன்னை நம்புகிறவள் இப்போது அவள் ஒருத்திதான். நேற்றுச் சாயங்காலம் பஜாரிலிருந்து அரிசிப் பையோடு மழையில் நனைந்து ஏற்றத்தில் நடந்து போனாள். பக்கத்தில் ஜீப்பை நிறுத்திக் கதவைத் திறந்தேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் நடந்தாள். வளைவு திரும்பி அவள் மறையும்வரை திறந்த கதவை நான் சாத்தவில்லை. மழை உள்ளே அடித்தது. ஊர் எனக்குத் தருகிற மரியாதையை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தருகிற அந்தப் பாராமுகத்தை மட்டும் முழுசாக என்னிடமே வைத்திருக்கிறேன்.